சொல்லக் கூசும் ஒரு தொல்லை

ரயில் பாதையில் ஜல்லி பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பெண்களின் உபாதையைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் அல்ல. சிவில் எஞ்சினீயரிங்கில் டிப்ளமா வாங்கி, மகாராஷ்டிரத்தில் ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் ஏற்பட்ட ஒரு தேவைக்காக மூன்று வருஷமாக இந்த விஷயத்தைப் படித்தும், பிசியோதெரபிஸ்டுகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டு வருகிறேன். அதில் முக்கியமானது ஒன்று. ஏராளமான பெண்கள் 'தலைவிதி' என்று சகித்துக்கொண்டிருக்கும் சிறுநீர்க் கசிவு, கத்தியும் மாத்திரையும் இல்லாமல், முறையாகக் கற்றுக்கொண்ட ஒரு தசைப் பயிற்சியால் பலருக்கு அடியோடு நிற்கிறது. இன்னும் பலருக்கு வெகுவாகக் குறைகிறது. இந்தச் செய்தி நம்மில் பலர் வீட்டு வாசலை இன்னும் எட்டவில்லை. எழுதத் துணிந்ததற்குக் காரணம் அதுதான். பத்திரிகையை வீட்டுப் பெண்களிடம் நீட்டிவிட்டு ஆண்கள் நழுவிவிட வேண்டாம். நீங்களும் படியுங்கள்.

இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், குடத்தைத் தூக்கினால், பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினால் சொட்டுச் சொட்டாகவோ சற்று அதிகமாகவோ சிறுநீர் வந்துவிடுகிறது. இது ஒரு வகை. அழுத்தக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வகையில் இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. திடீரென்று அடக்கவே முடியாத அவசரம் வரும். வெளியே போய்விட்டு வந்து பூட்டில் சாவியைப் போடும்போதே, அல்லது குழாயில் தண்ணீர் விழும் சத்தம் காதில் பட்டதுமே, கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் துணி நனைந்துவிடும். இது அவசரக் கசிவு. இரண்டும் கலந்து வருகிறவர்களும் உண்டு. இந்தத் துறைக்கென்றே உள்ள சர்வதேச கான்டினன்ஸ் சொசைட்டி 2002-இல் வகுத்த இலக்கணம் மிக எளிமையானது. தன் விருப்பமின்றிச் சிறுநீர் கசிகிறது என்று ஒருவர் சொன்னாலே அது சிறுநீர்க் கசிவுதான். எத்தனை சொட்டு, எத்தனை தடவை என்ற நிபந்தனையெல்லாம் கிடையாது.

லக்னோவில் ஒரு மருத்துவமனைக்கு வந்திருந்த 3000 பெண்களை விசாரித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் 21.8 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு அழுத்தக் கசிவு. ஐந்து பெண்களில் ஒருத்திக்கு இருக்கிற ஒரு சங்கதியைப் பற்றி நம் வீடுகளில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் காய வைப்பார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். பிறகு வெளியே போவதையே குறைப்பார்கள்.

என் அக்கா அப்படித்தான் ஆறு வருஷம் இருந்தாள். எங்களுக்குச் சொந்த ஊர் அகளி, கேரளத்தில் பாலக்காடு ஜில்லாவின் அட்டப்பாடி மலைப் பகுதி. ஆனைகட்டி தாண்டினால் கோவை; மறுபக்கம் ஹேர்பின் வளைவுகள் இறங்கினால் மண்ணார்க்காடு. எங்களைப் போல் கோவைப் பக்கமிருந்து குடியேறி விவசாயம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. அக்காவுக்கு நான்கு பிரசவம், நான்கும் வீட்டில். வாழைத் தோட்டத்தில் தார் சுமந்ததும், தண்ணீர் சுமந்ததும், விறகு சுமந்ததும் தனிக் கணக்கு. உறவில் எந்தக் கல்யாணத்துக்கும் வருவதில்லை. கோவைக்கு பஸ் ஏறுவதில்லை. கேட்டால் முழங்கால் வலி என்பாள். ஒரு கோடையில் தோட்டத்தில் மயங்கி விழுந்தாள். சிறுநீர்த் தாரையில் கிருமித் தொற்று, உடம்பில் நீர்ச்சத்து இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம்தான் முதன்முதலாக விஷயத்தைச் சொன்னாள். நனைந்துவிடுமே என்று பயந்து, நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம்.

"வயசானா எல்லார்த்துக்கும் வர்றதுதான் தம்பி. இதைப் போயி டாக்டர்கிட்டச் சொல்லுவாங்களா?" என்றாள் என்னிடம். அதற்கு முன்பு ஒரு தடவை, ஒரு டாக்டரிடம் ஜாடைமாடையாகச் சொல்லியிருக்கிறாள். அவரும் வயதைத்தான் காரணமாகச் சொன்னாராம். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், மலைக் கிராமங்களில் இருளர் மொழி. மூத்திரம் என்கிற சொல் மட்டும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. சொல் இல்லாத குறையல்ல. அதைச் சொல்ல வாய்தான் வரவில்லை.

கசிவு ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம். இடுப்பெலும்புக் கூடு அடிப்பக்கம் திறந்திருக்கிறது. முன்னால் இருக்கும் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தசைகள் ஊஞ்சல் பலகைபோல் அந்தத் திறப்பைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. இவைதான் இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இந்தத் தளத்தின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றின் வாசல்களும் இதைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. ஆகவே தளத்துக்கு இரண்டு வேலை. ஒன்று தாங்குவது, இன்னொன்று வாசலை மூடுவது.

ரயில் பாதையில் சிலீப்பருக்குக் கீழே ஜல்லி நன்றாக இறுகியிருந்தால், எஞ்சின் ஏறும்போது தண்டவாளம் லேசாகத்தான் அமுங்கும். அதே இடத்தில் ஜல்லி தளர்ந்துபோயிருந்தால், அதே எஞ்சினுக்கு சிலீப்பர் பொதக்கென்று இறங்கும். எஞ்சின் கனமாகிவிடவில்லை; கீழே தாங்கல் போய்விட்டது. சிறுநீர்த் தாரையின் கதையும் இதுதான். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கீழே தளம் உறுதியாக இருந்தால் சிறுநீர்த் தாரை அந்தத் தளத்தின்மேல் அழுந்தி அடைபட்டுக்கொள்ளும். தளம் தளர்ந்திருந்தால் தாரை அழுந்த இடமில்லை. அதுவும் கூடவே இறங்கி வாய் திறந்துகொள்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் டாக்டர் டிலான்சி 1994-இல் விளக்கமாக எழுதியது இதன் சாரம்தான். அவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர்களில் ஆஷ்டன்-மில்லர் என்ற ஓர் எஞ்சினீயரும் உண்டு என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

தளம் தளர்வதற்குக் காரணங்கள் பல. பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது தசையும் அதற்குப் போகும் நரம்பும் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சிலருக்குத் தசை கிழிந்தும் போகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு ஹார்மோன் குறைந்து திசுக்கள் மெலிகின்றன. உடல் பருமன், வருஷக்கணக்கான இருமல், மலச்சிக்கலில் முக்கி முக்கிப் போவது, பாரம் சுமப்பது இவையெல்லாம் தினமும் மேலிருந்து இடிக்கின்றன. வயது ஒரு காரணம்தான், ஆனால் வயது மட்டுமே காரணமில்லை. தளர்ந்த ஜல்லியை கேங்மேன்கள் மறுபடி இறுக்குவதுபோல் தசையையும் இறுக்கலாம். தசை என்பது எழுபதிலும் பயிற்சிக்குக் கட்டுப்படுகிற பொருள்.

இதை உலகறியச் செய்தவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். 1948-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'கெகல் பயிற்சி' என்ற பெயர் வந்தது. அவருக்கு முன்பே 1936-இல் இங்கிலாந்தில் மார்கரெட் மாரிஸ் என்ற நடனக் கலைஞர், பிசியோதெரபியும் படித்துத் தேறியவர், இந்தத் தசைகளுக்கான பயிற்சியை எழுதியிருக்கிறார். ஆனால் பெயர் என்னவோ டாக்டருக்குத்தான் போயிற்று. கெகல் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரினியோமீட்டர் என்று ஒரு கருவி அமைத்தார். பெண்ணுறுப்புக்குள் வைக்கும் சிறு ரப்பர்ப் பகுதி, அதோடு இணைந்த ஓர் அழுத்தமானி. தசையைச் சுருக்கினால் முள் ஏறும். கண்ணுக்குத் தெரியாத தசைக்கு ஒரு கேஜ் மாட்டினார் மனிதர். தான் செய்வது சரிதானா, போன வாரத்தைவிட முன்னேற்றமா என்று அந்தப் பெண்ணே பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அந்த கேஜ் இல்லாமல், வாய்வார்த்தையாக மட்டும் சொன்னால் என்ன ஆகும்? 1991-இல் அமெரிக்காவில் டாக்டர் பம்ப்பும் சகாக்களும் அதைச் சோதித்தார்கள். 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்தது கசிவை இன்னும் அதிகமாக்கக்கூடிய காரியம். மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். 'நான் செய்து பார்த்தேன், பலனில்லை' என்று சொல்லும் பெண்களில் எத்தனை பேர் இந்தக் கால்வாசியில் அடங்குவார்களோ! பிசியோதெரபிஸ்ட் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். புத்தகம் பார்த்துச் செய்வதற்கும் ஒருவர் தொட்டுப் பார்த்துத் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

கோவையில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் அக்காவைக் கூட்டிப் போனோம். (நான் வராந்தாவில்தான், உள்ளே போனது என் மனைவி.) முதல் முக்கால் மணி நேரம் பேச்சுதான். எத்தனை பிரசவம், எப்போது கசிகிறது, மலம் எப்படிப் போகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லி, சம்மதம் கேட்டு, கையுறை போட்டு ஒரு விரலால் தசையைப் பரிசோதித்தார். வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு வெளியிலிருந்து கவனித்தும், அடிவயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்தும் பார்க்கலாம். தசையின் பலத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மார்க் போடுகிறார்கள். அக்காவுக்கு இரண்டு. "அம்மா, நீங்க கீழே தள்றீங்க. மேலே இழுக்கணும்" என்றாராம் அந்தப் பெண். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்தவளின் களைப்பு.

பயிற்சி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியாமல் அடக்குவோமல்லவா, அப்போது ஆசனவாயைச் சுற்றி உள்ளுக்கு இழுக்கிற தசைதான் இது. அதை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீர் வாசல் வரை கொண்டுவந்து, முழுவதையும் மேல்நோக்கி உள்ளே தூக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பிட்டம், தொடை, மேல் வயிறு இறுகக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் ஏதோ செய்கிறீர்கள் என்றே தெரியக் கூடாது. தெரிந்தால் வேறு தசையைப் போட்டு இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்று நான்கு விநாடி பிடித்து, முழுவதும் தளர்த்தி, அதே அளவு ஓய்வு கொடுத்து மறுபடி. நாளாக ஆக எட்டு, பத்து விநாடி வரை ஏற்றலாம். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தசையில் நெடுநேரம் தாங்கும் இழைகளும் உண்டு, சட்டென்று பாயும் இழைகளும் உண்டு. ஆகவே மெதுவான சுருக்கங்களை முடித்தபின், வேகமாகச் சுருக்கி விடுவதையும் சில தடவை செய்யச் சொல்கிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். பை முழுவதும் காலியாகாமல் போகும் பழக்கம் வந்துவிடும்.

பிரிட்டனின் தேசிய வழிகாட்டுக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டுச் சுருக்கம், நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம், அதுவும் தெரிந்தவர் மேற்பார்வையில். மூன்று மாதம் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். பத்து நாளில் ஒன்றும் தெரியாது. தசை பருக்க வாரக்கணக்கில் ஆகும். அக்கா காலையில் பால் காய்ச்சும்போது ஒன்று, மத்தியானம் படுத்தபடி ஒன்று, ராத்திரி சீரியலில் விளம்பரம் வரும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டாள். செய்த தடவைக்கு ஒரு கோடு, கசிந்த தடவைக்கு ஒரு பெருக்கல் குறி, இரண்டும் தினசரி காலண்டர் தாளில். ரிஜிஸ்தர் எழுதச் சொன்னது நான்தான்; முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்?

பலம் வந்தால் மட்டும் போதாது, சமயமும் தெரிய வேண்டும். கர்ஜத்-லோனாவளா மலைப் பாதையில் 37 அடிக்கு ஓர் அடி சரிவு. வண்டி சரிவில் வேகம் பிடித்த பிறகு பிரேக் போடலாம் என்று எந்த டிரைவரும் இருக்கமாட்டார். இங்கேயும் அப்படித்தான். தும்மல் வருகிறது என்று மூக்கு சொன்ன மறு கணமே, தும்முவதற்கு முன்பாகவே, தளத்தை இறுக்கிப் பிடித்துவிட வேண்டும். குடத்தைத் தூக்குவதற்கு முன், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், அதேபோல. 1998-இல் மிச்சிகன் குழு வயதான பெண்கள் 27 பேரிடம் இந்த உத்தியைச் சோதித்தது. ஒரே வாரப் பழக்கத்தில் நடுத்தர இருமலில் வரும் கசிவு சராசரியாக 98 சதவீதமும், பலத்த இருமலில் 73 சதவீதமும் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை பருத்திருக்க முடியாது. எல்லாம் நேரம் பார்த்து இறுக்கியதன் பலன்தான்.

அவசரக் கசிவுக்கு வைத்தியம் சற்று வேறு. அங்கே சிறுநீர்ப்பையே முன்கோபிபோல் நடந்துகொள்கிறது. வயது வந்தவரின் பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை கொள்ளும். ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் போய்ப் பழக்கினால், அது நூறு மில்லிக்கே ரகளை செய்யும். முதல் வேலை மூன்று நாள் குறிப்பு. எத்தனை மணிக்கு என்ன குடித்தோம், எத்தனை மணிக்குப் போனோம், அளவுக் குவளையில் எவ்வளவு, எப்போது கசிந்தது என்று எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் இடைவெளியை நிர்ணயிப்பார்கள். இப்போது ஒரு மணிக்கு ஒரு தடவை என்றால், ஒரு வாரம் கழித்து ஒன்றேகால் மணி. அப்படியே படிப்படியாக இரண்டரை, மூன்று மணிவரை. நடுவில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. உட்கார்ந்து, தளத் தசையை ஐந்தாறு தடவை சட்டுச் சட்டென்று சுருக்கி, மனத்தை வேறு எதிலாவது செலுத்தினால் அந்த அலை தணியும். தணிந்த பிறகு நிதானமாக நடந்து போகலாம். இதற்கும் ஆறு வாரமாவது கொடுக்க வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது வைத்தியமே அல்ல. மஞ்சளாகக் கெட்டிப்பட்ட சிறுநீர் பையை இன்னும் எரிச்சல்படுத்தும்; மலமும் இறுகும்; தொற்று வரும். சிறுநீரகக் கோளாறோ இருதயக் கோளாறோ இல்லாதவர்கள் ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கத்தான் வேண்டும். குறைக்க வேண்டியது காப்பியையும் டீயையும். அக்காவுக்கு நாளைக்கு ஐந்து தடவை காப்பி. அதை இரண்டாக்கியதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. பிரஷருக்காகச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த வேளையில் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

இதெல்லாம் நிஜமாகவே பலிக்குமா என்றால், பலிக்கிறது என்பதற்கு நல்ல சாட்சியம் உண்டு. காக்ரேன் என்ற அமைப்பு உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைச் சலித்துத் தொகுப்பது. அதன் 2018-ஆம் வருஷத் தொகுப்பின்படி, அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்கள் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம். நார்வேயில் காரி பூ என்ற பிசியோதெரபிஸ்ட் நடத்தி 1999-இல் வெளியான சோதனையில் 107 பெண்கள். பயிற்சி, மின்தூண்டல், உள்ளே வைத்துத் தாங்கும் கூம்பு எடைகள், ஒன்றுமே செய்யாமை என்று நான்கு கட்சியாகப் பிரித்து ஆறு மாதம் பார்த்தார்கள். எளிய பயிற்சிதான் ஜெயித்தது. நகரங்களில் சில இடங்களில் மெஷினைக் காட்டி ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் பேசுகிறார்கள். தசையைச் சுருக்கவே முடியாதவர்களுக்கு மின்தூண்டல் ஓர் ஆரம்பமாக உதவலாம். மற்றவர்கள் பர்ஸைத் திறப்பதற்கு முன் யோசிக்கவும்.

பருமனானவர்களுக்கு இன்னொரு செய்தி. 2009-இல் அமெரிக்காவில் 338 பெண்களிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்தில் சராசரி 8 சதவீதம் எடை குறைத்தவர்களுக்கு வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. பேச்சும் புத்திமதியும் மட்டும் பெற்றவர்களுக்கு 28 சதவீதம். எண்பது கிலோ இருப்பவர் ஆறேழு கிலோ குறைத்தால் அந்த அளவு வந்துவிடும்.

எல்லாருக்கும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தசை முழுவதும் அறுபட்டவர்களுக்குப் பயிற்சி மட்டும் போதாமல் ஆபரேஷன் தேவைப்படலாம். அவசரக் கசிவுக்கு நல்ல மாத்திரைகளும் இருக்கின்றன. நான் கேட்பது வரிசைக் கிரமம் மட்டுமே. பயிற்சி முதலில். அக்காவுக்கு மூன்று மாதத்தில் இருமல் கசிவு ஏறக்குறைய நின்றுவிட்டது. நான்காம் மாதம் கோவையில் ஒரு காதுகுத்துக்கு பஸ்ஸில் போனாள். ராத்திரி அவசரம் மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. பையில் ஒரு மாற்றுத் துணி வைத்துக்கொள்கிறாள்.

அட்டப்பாடியின் பெயர் 2013-இல் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது, பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது. அதற்குப் பிறகு கர்ப்பிணிகளின் எடை, ரத்தசோகை, பிரசவம் பற்றியெல்லாம் கவனம் பிறந்தது. ஊர்தோறும் சமுதாயச் சமையல் கூடங்கள் வந்தன. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் குழந்தை பிழைத்து வளர்ந்த பின் அந்தத் தாயின் உடம்பு என்ன ஆயிற்று என்று யார் கணக்கெடுக்கிறார்கள்? பிரசவத்துக்கு முன்பே இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பதுதான் மலிவான வழி. கசிவு இல்லாத கர்ப்பிணிகள் ஆரம்ப மாதங்களிலேயே தொடங்கினால், நிறைமாதத்தில் கசிவு வரும் வாய்ப்பு 62 சதவீதம் குறைகிறது என்று 2020-ஆம் வருஷ காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. கர்ப்பிணிக்குச் சத்து மாவு கொடுக்கும் கையே இதையும் சொல்லிக்கொடுத்தால் மேல்செலவு ஒன்றுமில்லை. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இருமினா நனையுதா?"

மும்பையில் இருக்கும் நமக்கும் இது ஊர்க்கதை அல்ல. நம் லோக்கல் வண்டிகளில் கழிப்பறை கிடையாது. ஒன்றரை மணி நேரப் பிரயாணத்துக்குப் பயந்து காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்கள் எத்தனை பேர்! இந்த நகரில் பெண்களுக்குச் சுத்தமான, இலவசமான கழிப்பிடம் வேண்டும் என்று 2011 முதல் ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. ரயிலில் கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிப்பறை வந்த கதையையும் சொல்லலாம். 1909-இல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளத்துப் பிரயாணி, பலாப்பழம் அதிகமாகத் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு வண்டியைக் கிளப்பிவிட, நடந்த அவமானத்தைக் கோபமாகக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகுதான் கழிப்பறை வந்தது என்று ரயில்வேக்காரர்கள் சொல்வோம். அந்தக் கடிதம் டில்லி ரயில்வே மியூசியத்தில் பெருமையோடு வைக்கப்பட்டிருக்கிறது. ஓகில் பாபு ஆண், கூச்சமில்லாமல் எழுதிவிட்டார். அதே பெட்டியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தரும் எழுதவில்லை.

சில அறிகுறிகளுக்குப் பயிற்சி பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீர் வெளியேறவே சிரமம், பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு இரவு பகலாக ஓயாமல் ஒழுகுவது, பெண்ணுறுப்பில் ஏதோ இறங்கி வருவதுபோல் தெரிவது இவற்றுக்கு முதலில் டாக்டர். திடீரென்று கட்டுப்பாடு போய், கூடவே தொடை இடுக்கில் மரத்துப்போவதோ கால் தொய்வதோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இடுப்பில் ஓயாத வலி உள்ள சிலருக்குத் தசை ஏற்கெனவே விறைத்துப் போயிருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் வலி கூடும். தாங்களாக ஆரம்பிக்காமல் காட்டிவிட்டுச் செய்யச் சொல்வது இதனால்தான். பிராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு உள்ள ஆண்களுக்கும் ஏறக்குறைய இதே பயிற்சிதான்.

அகளிப் பக்கம் இருப்பவர்கள் அகளி சமுதாய சுகாதார நிலையத்திலோ, கோட்டத்தறை ஆதிவாசி சிறப்பு மருத்துவமனையிலோ முதலில் காட்டி, சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். பிறகு பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது, பெரிய நகரமானாலும் சரி, ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள்: "இடுப்புத் தளத் தசைப் பயிற்சி கற்றுக்கொடுப்பீர்களா, பரிசோதிப்பவர் பெண்தானா?" எல்லா பிசியோதெரபிஸ்டும் இதில் பழக்கப்பட்டவர்கள் அல்ல, பாதிப் பேர் முதுகும் முழங்காலும் பார்க்கிறவர்கள். பிரசவ ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த பிரிவுகளில் விசாரித்தால் சீக்கிரம் கிடைப்பார்கள். மூன்று நாள் குறிப்பையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். பிரசவக் கணக்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் அதெல்லாம் உடனே ஞாபகத்துக்கு வருவதில்லை.